பேட்டிப் புடவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் வந்து, மரக்காணம் உப்பளத்தைப் பார்த்ததும் மனம் இளகி, வண்டியை ஓரங்கட்டி மைக்கோடு இறங்குகிறவர்கள் முதலில் பேட்டி எடுப்பது எங்கள் அம்மாவைத்தான். அவள் பெரிய பேச்சாளி என்பதால் அல்ல. அவள் வேலை செய்யும் பாத்திகள் சாலையை ஒட்டியே இருக்கின்றன. அதற்கு மேல் உள்ளே போக வேண்டுமானால் வழுக்குகிற வரப்பில் ஷூவோடு நடக்க வேண்டும், வெயில் வேறு மண்டையைப் பிளக்கும். அதனால் உப்பளத் தொழிலாளர் துயரம் என்று யார் எதைக் காட்டினாலும் அதில் எங்கள் அம்மா முகம் வந்துவிடும்.

மழை பெய்து உப்பு கரைந்தால் வருவார்கள். தேர்தல் வந்தால் வருவார்கள். பொம்மையார்பாளையம் பக்கத்திலிருந்து குறும்படம் எடுக்க வருவார்கள். வேறு செய்தி எதுவும் கிடைக்காத நாளிலும் வருவார்கள்.

முதல் பேட்டிக்கு அம்மா பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, பவுடர் பூசிக்கொண்டு போனாள். டிவிக்காரருக்கு முகம் தொங்கிப் போய்விட்டது.

"அக்கா, வேற புடவை இருக்குதா? கொஞ்சம் பழசா?"

அன்று வீட்டுக்கு வந்து அம்மா ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "ஊரு ஒலகமே பாக்கப் போற டிவிக்கு கந்தலக் கட்டிக்கினு வான்றான். அவன் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில நிக்கறான்." கத்தினாளே தவிர, கட்டிக்கொண்டு போனாள். வெளுத்துப்போன பச்சைப் புடவை ஒன்று. அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பேட்டிப் புடவை என்றே பெயர். மற்ற புடவைகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து மடித்து வைப்பாள். துவைக்கத் துவைக்க இன்னும் வெளுத்து, பேட்டிக்கு இன்னும் பொருத்தமாகிக்கொண்டே வந்தது.

டிவிக்காரர்கள் உப்பளத்துக்கு இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தர் பேசும்போது பின்னால் வெறுமையாக இருந்தால் நன்றாக இருக்காதாம். மற்ற பெண்களைப் பார்த்து, "நீங்கல்லாம் கூடையத் தலையில வெச்சிக்கினு இப்படி வரிசையா நடங்க. கேமராவப் பாக்காதீங்க. சிரிக்காதீங்க" என்பார்கள். கூடையில் உப்பு இல்லையே என்றால், "பரவால்ல, சும்மா நடங்க." வருகிறவர்கள் எல்லோரும் இதையே சொன்னதால் இது உப்பளத்தில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. யாராவது போனைக் கிடையாகப் பிடித்தால் போதும். பக்கத்தில் இருக்கிற பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெறுங்கூடையைத் தலையில் வைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படி ஒரு தாய்க்குப் பிறந்த எனக்கு இன்டர்வியூ என்றாலே வராது. பி.காம். முடித்துவிட்டு திண்டிவனத்தில் ஒன்று, பாண்டிச்சேரியில் ஒன்று என்று போய் வந்தேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். மனப்பாடம் செய்த இங்கிலீஷை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பேன். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் சொல்லியும் அனுப்பவில்லை, சொல்லாமலும் அனுப்பவில்லை.

அம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "நீ சிரிச்சிக்கினே பேசினா எவன் வேல குடுப்பான்? மொதல்ல ஒரு பெருமூச்சு வுடு. அப்புறம் கொஞ்ச நேரம் கடலப் பாரு. அதுக்கப்புறம் வாயத் தொற. கடைசியா, கவர்மெண்டு பாத்து ஏதாச்சும் செய்யணும்னு சொல்லு."

"அது வேற பேட்டி, இது வேற பேட்டிம்மா."

"எல்லாம் ஒண்ணுதான். கேக்குறவங்க உக்காந்துக்கினு கேப்பாங்க. நாமதான் பாத்து பேசணும்."

மூன்றாவதாக ஒன்று வந்தது. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் கம்பெனி, பாண்டிச்சேரியில். இன்டர்வியூ போனில், வீடியோவில் நடக்கும் என்றார்கள். இந்த முறை எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. உப்பள மேஸ்திரி கொஞ்ச நாளாக அம்மாவிடம், "உம் பொண்ணு சும்மாத்தான குந்திக்கினு இருக்குது, நாளையிலேருந்து இட்டுக்கினு வாயேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அது ஆபீசுக்குப் போவும்" என்று அம்மா அவர் வாயை அடைத்து வந்தாள். இதுவும் போனால் அவளால் அப்படிச் சொல்ல முடியாது. நானும் வரப்பில் இறங்க வேண்டியதுதான். மற்ற விஷயத்தில் எல்லாம் விட்டுக்கொடுக்கிற அம்மா இந்த ஒன்றில் ஏன் இத்தனை பிடிவாதமாக இருந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அது ஆடி மாதம். மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரை எங்கள் வீட்டு வாசல் கம்பத்தில்தான் கட்டியிருந்தார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்தால் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து சாமி ஆட வேண்டியதுதான். டவரும் சரியாகக் கிடைக்காது. உப்பள வரப்பில் போய் நின்றால் நெட் பிய்த்துக்கொண்டு வரும். எனவே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு அங்கே போனேன். ஒரு கூடையைக் கவிழ்த்து, அதில் போனைச் சாய்த்துக் கிடையாக வைத்து, எதிரே உட்கார்ந்தேன். பெண்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்.

"அக்கா, சித்தி, யாரும் சத்தம் மட்டும் போடாதீங்க. இது முடிஞ்சாதான் எனக்கு வேலை."

"வாயே தொறக்க மாட்டோம்டி" என்றாள் அம்மா. சொன்னபடி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

திரையில் ஒரு மேடம், ஒரு சார். சார் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நான் ஆரம்பித்தேன். பாதியில் அவர் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஒரு நிமிஷம்மா. பின்னாடி ஏதாவது வீடியோ ஓட விட்டிருக்கீங்களா?"

"இல்லையே சார்."

"அந்தப் பச்சைப் புடவை அம்மா திரும்பத் திரும்ப வர்றாங்களே?"

திரும்பிப் பார்த்தேன். வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அம்மா முதல் ஆள், பேட்டிப் புடவையில். எப்போது போய் மாற்றிக்கொண்டு வந்தாள் என்றே தெரியவில்லை. திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் மறைந்து, என் முதுகுக்குப் பின்னால் திரையில் படாமல் குனிந்து ஓடிப்போய், மறுபடி முதல் ஓரத்தில் சோகமாக நுழைந்தார்கள்.

"கூடையில ஒண்ணுமே இல்லையே?" என்றார் மேடம்.

அந்த வரப்பு அப்படியே பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். மனப்பாடம் செய்தது எல்லாம் பறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் உள்ளதைத் தமிழிலேயே சொன்னேன். டிவிக்காரர்கள் வந்தது, பவுடர், கனகாம்பரம், பழைய புடவை, வெறுங்கூடை, எல்லாம். மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சார் மட்டும் சிரிக்காமல் அடுத்த கேள்வியைப் போட்டார். கோபமாகப் போன் பண்ணிக் கத்துகிற ஆளிடம் எப்படிப் பேசுவீர்கள்?

"எங்கம்மா டிவிக்காரங்ககிட்ட பேசுற மாதிரி பேசுவேன் சார். என்ன கேட்டாலும் முழுசா கேப்பாங்க. குறுக்க பேச மாட்டாங்க. கோபத்தையெல்லாம் வீட்டுக்கு வந்துதான் காட்டுவாங்க."

சாருக்கு இப்போது சிரிப்பு வந்துவிட்டது. கணக்கில், கம்ப்யூட்டரில் சில கேள்விகள் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். முடிக்கும்போது மேடம், "உங்களுக்கு எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

இதற்கு ஒரு நல்ல இங்கிலீஷ் கேள்வியைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"இன்னாடி சொல்றாங்க?" என்றாள் காதருகில்.

"நமக்கு ஏதாச்சும் கேக்கணுமான்னு கேக்குறாங்க."

"நாம கேக்குறதா? அவங்களையா?"

இத்தனை பேட்டி கொடுத்தவளிடம் ஒருத்தர்கூட அப்படிக் கேட்டதில்லை. கூடையை இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள். பெருமூச்சு விடவில்லை, கடலையும் பார்க்கவில்லை. நேராகப் போனைப் பார்த்தாள்.

"ஏம்மா, உங்க ஆபீசுல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இருக்குதாம்மா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலை போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். நடந்துகொண்டிருந்த பெண்கள் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். சார் எங்கேயோ பார்த்தார். மேடம் மட்டும் அம்மாவை நேராகப் பார்த்தார்.

"இருக்குதும்மா. எங்க ஃப்ளோர்லயே இருக்குது."

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அப்ப சரிம்மா" என்று எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பாத்தி, வரப்பு, வெட்டவெளி. ஒதுங்க வேண்டுமானால் தூரத்தில் வேலிக்காத்தான் புதர்தான், அதுவும் லாரிக்காரர்கள் நிற்கிற பக்கம். காலையில் அம்மா எடுத்துப்போகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் என்னதான் செய்கிறாய் என்று நான் கத்துவேன், தாகமே எடுக்கவில்லை என்பாள். ஏன் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை கேமராக்களுக்கு முன்னால் அத்தனை கஷ்டத்தைச் சொன்னவள் இதை மட்டும் சொன்னதில்லை. மைக் பிடித்தவர்கள் எல்லாம் ஆண்கள், அவர்கள் கேட்கவும் இல்லை.

வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். என் மேஜையைக் காட்டினேன், ஏசியைக் காட்டினேன். அதெல்லாம் இருக்கட்டும் என்றாள். அவளுக்குப் பின்னால் சித்திமார்கள் வெறுங்கூடையோடு நடக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் பாத்ரூமுக்குப் போய், கதவைச் சாத்தி, போனைக் கிட்டே பிடித்துத் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினேன். எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சரி, போனை வையி" என்றாள். "நல்லா தண்ணி குடி."