பாதிக்கதையின் சமையல்காரி

"படிங்க, படிங்க, அந்தப் பத்தி முடியட்டும்" என்று லென்ஸை மாற்றிக்கொண்டே சொல்கிறார் கண்ணாடிக் கடைக்காரர். எழுத்து தெரிகிறதா என்று பார்க்கக் கம்பெனி கொடுத்த அட்டை இழுப்பறையில் தூங்குகிறது. அவர் எல்லார் கையிலும் திணிப்பது ஒரு தடித்த புத்தகம். நூறு வருஷத்துக்கு முந்தைய கொலை வழக்கு ஒன்றின் வரலாறு.

முதலாளியம்மாவுக்கு விஷம் வைத்ததாக ஒரு சமையல்காரியைத் தூக்கில் போட்டார்கள். அவள் பாலில் எதையோ கலந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன் என்று எதிர்வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். "கற்பனை ஒரு சொட்டு கிடையாது சார். ரத்தத்தைக் காட்டிப் பயமுறுத்துற புத்தகமும் இல்ல. அந்தப் பொண்ணு என்ன பாட்டு பாடிக்கிட்டே பாத்திரம் தேய்ச்சாங்கிறதுகூட இருக்கு. படிச்சா சோறு இறங்காது" என்பார், ஏதோ சோறு இறங்காமல் இருப்பது பெரிய பாக்கியம் மாதிரி. கதை சூடுபிடிக்கும் இடத்தில் வெடுக்கென்று பிடுங்கி மூடிவிடுவார். "எழுத்து தெரியுதுல்ல? மீதியை வாங்கிப் படிச்சுக்குங்க." தெருவில் அவருக்குப் 'பாதிக்கதை' என்றே பெயர்.

ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவரின் சொந்தக் கண்ணாடிக்கு ஒரு கால் நூலால் கட்டியிருக்கும். "கட்டினவ சமையலைப் பத்தி வாயைத் திறக்க மாட்டார். தூக்குல தொங்கினவளைப் பத்திப் பேச ஆரம்பிச்சா வாய் ஓயாது" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வார். இந்த மனிதரைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

நேற்று மாடிவீட்டு அக்கா வந்தார். "பேப்பர்ல எழுத்தெல்லாம் கலங்குது தம்பி." அவர்கள் குடியிருப்பின் காவலாளியை முந்தின நாள்தான் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. கீழே நின்று திருடுபோன சைக்கிளை அவன் தள்ளிக்கொண்டு போனதை மூன்றாம் மாடியிலிருந்து பார்த்ததாகச் சொன்னவர் இந்த அக்காதான். கடைக்காரருக்கும் அது தெரியும். அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. வழக்கம்போல் புத்தகத்தை நீட்டினார். பக்கத்தை மட்டும் கொஞ்சம் தேடித்தான் பிரித்தார்.

அக்கா படித்தார். தாமாகவே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பாதிக்கதை பிடுங்கவில்லை. சாட்சி சொன்னவருக்குத் தூரத்துப் பார்வை மங்கல் என்பது தூக்குக்குப் பிறகுதான் வெளியே வந்தது என்ற வரியில் அக்காவின் விரல் நின்றுவிட்டது. அவர் எழுந்தார். தம் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் எதிர்ச்சாரியைப் பார்த்தார்.

"அங்க நிக்கிறது மருந்துக் கடைக்காரர்தானே தம்பி?"

"அவரோட தங்கச்சி அது, அக்கா."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். "நான் வேணும்னு சொல்லலப்பா. அவன்னுதான் நெனச்சேன். வீட்டுல கைக்குழந்தை வேற இருக்கு அவனுக்கு."

"புதுக் கண்ணாடி வர ரெண்டு நாள் ஆகும்க்கா. போலீஸ் ஸ்டேஷன் இப்பவே திறந்துதான் இருக்கு."

"போய் என்னன்னு சொல்றது? கண்ணு தெரியாத கிழவின்னு சிரிக்க மாட்டாங்களா?"

பாதிக்கதை கடைச் சாவியை எடுத்தார். வெளியே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினார். சாலையைக் கடக்க, தம் முழங்கையை அக்காவின் பக்கம் நீட்டினார்.