பத்து வயசு ஆனால்தான் ஏற்றுவார்களாம்

போன வாரம், கருட சேவை அன்று சாயங்காலம், கூட்டத்தில் ஒரு ஆள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

கோயிலுக்குப் போகிற வழியில் மைதானத்தில் ராட்டினம் போட்டிருந்தார்களே, பார்த்தீர்களா? நாலு தொட்டில் தொங்குகிற மர ராட்டினம். மோட்டார் எல்லாம் கிடையாது. கையால் இழுத்துத் தள்ளுவதுதான். அதன் சொந்தக்காரர் காதர் பாய். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் வைகாசித் திருவிழாவுக்கு வருகிறவர். அவரைப் பார்க்காத மாதிரி ஓரமாக நழுவினேன். மனுஷர் விடவில்லை.

"இன்னாண்ணே, கண்டும் காணாம போறீங்க? பாப்பா எங்க?"

"பாப்பா... பள்ளிக்கூடம் போயிருக்குது பாய்."

"பெரிய லீவுல ஏதுண்ணே பள்ளிக்கூடம்?"

நல்லவேளை, ஒரு அம்மா மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து, "எங்க பசங்களை எப்ப ஏத்துவீங்க?" என்று சண்டைக்கு நின்றார். பாய் அந்தப் பக்கம் திரும்பினார். நான் கூட்டத்தில் கலந்துவிட்டேன்.

குழந்தைகளே, பாயிடம் சொன்ன பொய்யை உங்களிடம் சொல்ல மாட்டேன். "ருக்குவைப் பற்றி ஏன் இப்போதெல்லாம் பத்திரிகையில் எழுதுவதில்லை?" என்று உங்களில் நாலைந்து பேர் கார்டு போட்டிருந்தீர்கள். பதில் எழுதாமலே வைத்திருந்தேன். என் மகள் ருக்கு தை மாதம் இறந்துபோனாள்.

எழுதிவிட்டேன். இதை எழுத நாலு மாசம் ஆயிற்று.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ருக்குவுக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஒரு ஓட்டை. கொஞ்சம் ஓடினால் போதும், உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நீலமாகிவிடும். நகமும் அப்படியே. மூச்சு வாங்கும். அப்போது அவளுக்கு ஒரே வழி, இருக்கிற இடத்திலேயே குந்திக்கொள்வது. அப்படிக் குந்தினால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். யாரும் சொல்லித் தரவில்லை, அவளாகக் கண்டுபிடித்தது. டாக்டரே கேட்டு ஆச்சரியப்பட்டார்.

நடு ரோட்டில் ஒரு பெண் குந்தினால் பசங்கள் சும்மா விடுவார்களா? "ஏய், குந்து ருக்கு!" என்று கத்துவார்கள். அவள் அசர மாட்டாள். தரையையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "போங்கடா, நான் எறும்பு பாத்துக்கினு இருக்கறேன்" என்பாள். அப்புறம் எங்கள் வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. "ஏங்க, கொழந்த எறும்பு பாக்குது, நில்லுங்க" என்பாள் என் மனைவி. நானும் நின்று எறும்பு பார்ப்பேன். சில நாள் எறும்பு நிஜமாகவே இருக்கும்.

எங்கள் தெரு நெசவுத் தெரு. காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டுவார்கள். ஆயிரக்கணக்கான பட்டு இழை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். அது முடிகிற வரை எந்தப் பிள்ளையும் தெருவில் ஓடக் கூடாது. ஓடினால் பெரியவர்கள் காதைத் திருகிவிடுவார்கள். எல்லாரும் சுவர் ஓரமாக, மெதுவாக நடக்க வேண்டும். ருக்குவுக்குப் பிடித்த நேரம் அதுதான். "இன்னிக்கி எல்லாரும் என்ன மாதிரிப்பா" என்பாள்.

மற்ற நேரங்களில்தான் எனக்குப் பயம். அதனால் ஒரு காரியம் செய்தேன். நாலு வயதிலேயே அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். தெருவில் ஓடுவதைவிட வகுப்பில் உட்கார்ந்திருப்பது நல்லதில்லையா? உங்களுக்குத் தெரியும், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. ருக்குவுக்கு எட்டவில்லை. "தலையைக் கொஞ்சம் சாச்சிக்கோமா" என்று காதில் சொன்னேன். சாய்த்தாள். விரல் நுனி பட்டது. வாத்தியார் சிரித்துக்கொண்டே ஒரு வயது கூட்டி எழுதிக்கொண்டார். பிசகு வாத்தியாருடையது இல்லை. என்னுடையது.

இன்னொரு பிசகும் செய்தேன்.

அவளுக்கு எட்டு வயதில் இதே ராட்டினத்தைப் பார்த்து, "ஏறணும்பா" என்றாள். பட்டணத்து டாக்டர் அதற்கு முந்தின மாசம்தான் சொல்லியிருந்தார்: "பத்து வயசு தாண்டட்டும். உடம்பு கொஞ்சம் தேறட்டும். அப்புறம் ஆபரேஷன் பார்க்கலாம். அதுவரைக்கும் ஓட்டம், குதி, பயம் எதுவும் வேண்டாம்." அந்தப் பத்துதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதையே எடுத்து நீட்டினேன். "பத்து வயசு ஆனாத்தாம்மா ராட்டினத்துல ஏத்துவாங்க. அது சட்டம்."

பெரியவர்கள் இருக்கிறோமே... எங்களுக்குப் பயம் வந்தால் உடனே சட்டம் போட்டுவிடுவோம். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதற்கு அவ்வளவு வெட்கம்!

அடுத்த வருஷம், அதாவது போன வருஷம், திருவிழா வந்தது. ருக்குவுக்கு நிஜ வயது ஒன்பதுதான். அந்த வருஷம் கேட்க மாட்டாள் என்று தைரியமாகக் கூட்டிப்போனேன். "ராட்டினத்துப் பக்கமே போவாதீங்க" என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னாள் என் மனைவி. பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தேன். சுற்றிச் சுற்றிக் கடைசியில் கால் அங்கேதான் போய் நின்றது. என் கால் இல்லை, அவள் கால்.

பாவாடை இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். நேராகக் காதர் பாயிடம் நீட்டினாள். பள்ளிக்கூடத்து ப்ராக்ரஸ் கார்டு.

"இன்னா பாப்பா இது? எனக்குப் படிக்கத் தெரியாதே."

"என் பொறந்த தேதி போட்டிருக்குது. பத்து ஆயிடுச்சி. ஏத்துங்க."

"பத்தா? அதுக்கு இன்னா?"

"பத்து ஆனாத்தான ஏத்துவீங்க?"

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "யார் சொன்னது? அங்க பாரு, மூக்கு ஒழுவிக்கினு நாலு வயசு வாண்டு ரெண்டாவது தபா சுத்துது. ராட்டினத்துக்கு ஏது பாப்பா வயசு?"

ருக்கு அந்தச் சின்னப் பையனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது? கையிலிருந்த பஞ்சுமிட்டாயைப் பார்த்தேன்.

"ஏம்பா பொய் சொன்ன?"

அழவில்லை. கோபமும் இல்லை. கேட்டாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நான் கூட்டி எழுதவைத்த வயது, ராட்டினத்துக்காக நான் கட்டிவிட்ட வயது... இரண்டையும் ஒரே காகிதத்தில் வைத்துக்கொண்டு என் மகள் நிற்கிறாள். இனிமேல் மூன்றாவதாக ஒன்று சொல்ல என்னிடம் சரக்கு இல்லை.

"பயமா இருக்குதுமா" என்றேன்.

"எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்குது. அதுக்குன்னு ஏறாமயே இருந்துடறதா?"

பாயைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "வேணாண்ணே. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா நான் தாங்க மாட்டேன். எனக்கும் பொண்ணு இருக்குது" என்றார்.

தனியாகத்தான் பேசினோம். ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிதானமாக நடந்து வந்தாள்.

"பாய், நீங்க வெடுக்குனு இழுக்கறீங்க. அதான் பசங்க எல்லாம் ஏறின உடனே கத்துது. அது பட்டு நூலா இருந்தா இந்நேரம் நூறு தபா அறுந்திருக்கும்."

இதை நான் விளக்க வேண்டும். ஓட முடியாத பிள்ளை வீட்டில் என்ன செய்யும்? என் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். ராட்டை என்று ஒரு சின்னச் சக்கரம், அதைக் கையால் சுற்றினால் பட்டு இழை ஒரு குழலில் ஏறும். என் மனைவி சுற்றினால்கூட நாளைக்கு இரண்டு தரம் அறுந்துபோகும். ருக்கு சுற்றினால் அறாது.

"அப்ப எப்படி இழுக்கணும், நீயே சொல்லு" என்றார் பாய், பாதி விளையாட்டாக.

"மொதல்ல கை வெச்சிக்கினு சும்மா நிக்கணும். ஒடனே இழுக்கக் கூடாது. அப்பறம் மெதுவா... அதுவே கெளம்பினா மாதிரி இருக்கணும். நிறுத்தும்போதும் அப்படித்தான்."

பாய் என்னைப் பார்த்தார். முடிவு என்னுடையது. மைதானத்தில் அவ்வளவு சத்தம், என் காதில் எதுவும் விழவில்லை. டாக்டர் சொன்னது ஒரு பக்கம். வாசலில் நின்று மனைவி சொன்னது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மடித்து மடித்து ஓரம் கிழிந்த அந்தக் கார்டு. எத்தனை நாளாக அதை இடுப்பில் வைத்திருந்தாளோ!

"ஒரே ஒரு சுத்து" என்றேன்.

பாய் மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டார். "கொஞ்சம் இருங்கடா, இது ஸ்பெஷல்" என்றார். ருக்கு தொட்டிலில் உட்கார்ந்தாள். கம்பியை நான் மாட்டினேன். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். "நானும் ஏறிக்கறேனே" என்றதற்கு, "நீ ஏறினா யார் என்னைப் பாக்கறது?" என்றாள். சரிதானே?

பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கை வைத்துக்கொண்டு சும்மா நின்றோம். அப்புறம் தள்ளினோம். தறியில் இருபது வருஷம் பழகின கை இது. அன்றைக்கு அவள் சொன்னபடிதான் அது தள்ளியது. ராட்டினம் ஒரு முனகல் முனகிவிட்டுக் கிளம்பிற்று. தொட்டில் ஆடவே இல்லை.

உச்சிக்குப் போனதும் பாய் பிடித்து நிறுத்தினார்.

"ருக்கு! எப்படிமா இருக்குது?" என்று கத்தினேன்.

பதில் இல்லை. "ருக்கு!"

அவள் முகம் தொட்டில் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"இருப்பா... எறும்பு பாத்துக்கினு இருக்கறேன்!"

கீழே நாங்கள் எல்லாரும்தான் எறும்பு. நான், பாய், வரிசையில் நின்ற பசங்கள், ஒரு நாளாவது அவளை "குந்து ருக்கு" என்று கத்தியிருக்கக்கூடிய ஊரே கீழே எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் ஒருத்திதான் மேலே.

இறக்கினோம். முதலில் உதட்டைப் பார்த்தேன், அப்புறம் நகத்தை. எப்போதும் இருக்கிற அளவு நீலம்தான். சிரித்தாள். "இன்னொரு சுத்துப்பா" என்றாள்.

"அடுத்த வருஷம்மா" என்றேன்.

அதைப் பொய் என்று நினைத்து நான் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆகியிருக்கும், அவளும் நானும் ஏறலாம் என்றுதான் நினைத்தேன். மார்கழிக் கடைசியில் ஜுரம் வந்தது. தையில் போய்விட்டாள். ராட்டினத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். ஒரு சுற்று கொடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. இரண்டாவது சுற்று கொடுக்காமல் விட்டதுதான்... சரி, விடுங்கள்.

கருட சேவைக்கு மறுநாள் மறுபடியும் மைதானத்துக்குப் போனேன். பாயிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். தொட்டில்களில் ஏறி உட்கார்ந்திருந்த பிள்ளைகள், "பாய்! சுத்துங்க பாய்!" என்று கூச்சல் போட்டார்கள்.

அவர் துண்டைப் போட்டுக்கொண்டு ராட்டினத்தில் கை வைத்தார். வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அப்புறம் மெதுவாகத் தள்ளினார். ஒரு பிள்ளையும் கத்தவில்லை.

"பாப்பா சொன்னதுலேருந்து எந்த ஊர்லயும் இப்படித்தாண்ணே" என்றார். "கை தானா நின்னுடுது."

குழந்தைகளே, அப்பாவோ அம்மாவோ எதையாவது "வேண்டாம்" என்று சட்டம் பேசினால், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். "பயமா இருக்குதாப்பா?" என்று கேளுங்கள். பாதிப் பொய் அங்கேயே உதிர்ந்துவிடும்.

காதர் பாய் அடுத்து எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகிறாரோ தெரியாது. உங்கள் ஊருக்கும் வரலாம். ஏறி உட்கார்ந்த பிறகு ராட்டினம் உடனே கிளம்பவில்லையென்றால் கூச்சல் போடாதீர்கள். மேலே போனதும் ஒரு தரம் கீழே பாருங்கள்.

எறும்பு தெரியும்.