சுருதியில் கலந்த விஷம்

சுளிப்பண்ணனுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொன்னால் அது அநியாயம். மனிதர்களின் காதுகளைத்தான் அவருக்குப் பிடிக்காது. அந்தக் காதுகளை மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள்மேல் அவருக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது.

பக்கத்தில் யாராவது சுருதி தப்பினால் அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்துச் சுளித்துக்கொள்ளும். யாரும் தப்பாதபோதும் இழுத்துக்கொள்ளும், எப்படியும் தப்பத்தானே போகிறார்கள் என்று. வாத்தியக்குழுவில் அந்தச் சுளிப்பால் வந்த பெயர்தான் சுளிப்பண்ணன். அவருக்கும் தெரியும். அந்தப் பெயரை ஒரு பட்டம்போலவே வைத்துக்கொண்டிருந்தார்.

ஆற்றைப் பார்த்திருக்கும் ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டுக்கூடத்தில் மாலை வேளைகளில், பியானோவோடும் பாடுகிற ஒரு பெண்ணோடும் சேர்ந்து, பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பது அவர் தொழில். பெயரில்தான் கிட்டார். பார்வைக்கு அது நாலு கால் மேசை. மேலே கம்பிகள், கீழே மிதிகட்டைகள், முழங்காலால் தள்ளுவதற்கு நெம்புகோல்கள். இடது கையில் இருக்கும் எஃகு உருளை கம்பிகளின்மேல் வழுக்கிக்கொண்டு போகும், வலது கை சுண்டும், கால் மிதிக்கும், முழங்கால் தள்ளும். மிதித்தால் கம்பி இறுகிச் சுரம் ஏறும். உடம்பு மொத்தமும் வேலை செய்யும், முகம் மட்டும் சும்மா இருக்கும். அந்த ஓய்வு நேரத்தில்தான் அது சுளித்துக்கொண்டது.

வாலிபத்தில் அவர் சட்டைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரம் பழுது பார்த்தவர். அங்கேயும் காலால் மிதித்து, முழங்காலால் நெம்பித் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கவேண்டும். கப்பலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவன் தன் ஸ்டீல் கிட்டாரில் மாட்டிக்கொண்ட மிதிகட்டையைச் சரிபண்ணக் கொண்டுவந்தபோது, இவர் சரிபண்ணிவிட்டு உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். கால் ஏற்கெனவே கற்று முடித்திருந்தது. கையைப் பழக்கிக்கொள்ளச் சில வருடங்கள் ஆயின. மாமியார் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அதே மிஷின்தான் மாப்பிள்ளை. சட்டைதான் வரமாட்டேங்குது” என்றாள். வீட்டில் அதற்குப் பிறகு அந்த வாத்தியத்தின் பெயரே ‘சட்டை வராத மிஷின்’.

இந்த வாத்தியத்திடம் ஒரு வினோதம் உண்டு. கேட்கிற ஒவ்வொரு கூட்டமும் அது தனக்காகவே பிறந்தது என்று சாதிக்கும். தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, குதிரையைப் படத்தில் மட்டுமே பார்த்த ஆட்கள், அமெரிக்க மேய்ச்சல்காரப் பாட்டுக்கு இவரை அழைத்துப்போய், “இது எங்க சத்தம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெபக்கூடத்தில் பாடுகிற குழு, இது மேலே இருந்து இறங்கிய சத்தம் என்றது. இறங்கி வந்ததை அடிக்கடி தப்பான சுருதியில் வரவேற்றது. இருட்டுக்குள் விளக்கு வெட்டிவெட்டி எரியும் நடன விடுதியில், காதில் வளையம் மாட்டிய ஒருவன் இவர் வாசித்ததைத் துண்டு துண்டாக நறுக்கி முரசுச் சத்தத்துக்கு நடுவே தூவினான். ஆயுள் காப்பீட்டு விளம்பரக்காரர்களுக்கு, கணவன் செத்த வீட்டு ஜன்னலைக் காட்டும்போது மூன்றே மூன்று சுரங்கள் தேவைப்பட்டன. தூக்கம் வராதவர்களுக்காக மணிக்கணக்கில் பதிவு செய்கிற ஒரு ஆள், “எதுவுமே நடக்காத மாதிரி வாசிங்க” என்றான். இவர் அப்படியே வாசித்தார், அவனே தூங்கிவிட்டான்.

எல்லோரும் கடைசியில் ஒரே வாக்கியத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்: “அழுகிற மாதிரியே இருக்கு.” அதைக் கேட்டால் சுளிப்பண்ணனுக்கு எழுந்து போய்விடலாம் என்றிருக்கும்.

ஏன் இது எல்லோரையும் இழுக்கிறது என்று அவருக்குத் தெரியும். மற்ற வாத்தியங்கள் சுரத்துக்குச் சுரம் படியேறிப் போகின்றன. இது வழுக்கிக்கொண்டு போகிறது. பேசுகிறவன் குரல் அப்படித்தான் போகும், கூப்பிடுகிறவன் குரலும், சிரிக்கிறவன் குரலும். தாயின் மொழி புரிவதற்கு முன்னாலேயே காது இதைப் பழகிவிடுகிறது. பிறகு மேய்ச்சல் பாட்டாயிருந்தால் என்ன, நடன விடுதியாயிருந்தால் என்ன? இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லுமளவுக்கு யார்மீதும் மதிப்பு இல்லை.

அந்த ஹோட்டல் நாற்காலி மட்டும்தான் அவருக்கு நிலையான இடம். மற்றவை வரும், போகும். அதற்கும் ஒருநாள் ஆபத்து வந்தது. மேனேஜர் புதிதாக வந்தவர், எதைப் பார்த்தாலும் அங்கே எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று மட்டுமே பார்க்கிறவர். சுளிப்பண்ணனின் மூலையைப் பார்த்தார். நாலு பேர் உட்காரும் மேசை அங்கே தெரிந்தது. கீபோர்டு வாசிக்கும் தம்பியைக் கேட்டார், ஸ்டீல் கிட்டார் சத்தம் அவனுடைய பெட்டிக்குள்ளேயே கிடைக்காதா என்று. அவன் நல்லவன், தலையைச் சொறிந்துகொண்டு, கடையில் விலைக்குக் கிடைக்கும் பதிவுச் சத்தம் அவ்வளவு நன்றாக இருக்காது சார் என்று இழுத்தான். இருக்கிறதை வைத்து ஓட்டு என்றார் மேனேஜர்.

அப்போதுதான் சுளிப்பண்ணன் யாரும் எதிர்பாராததைச் சொன்னார். கடைச் சத்தம் எதற்கு, என் சத்தத்தையே ஒவ்வொரு சுரமாகப் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மாலை முழுக்கத் தம்பி அதைக் கீபோர்டில் வாசிக்கட்டும், நான் சாப்பிட வருகிறவனாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு ஆள் முகம் சுளித்தாலும் நாற்காலி எனக்கு, இனி பேச்சே எடுக்கக்கூடாது. ஒருவரும் சுளிக்கவில்லையென்றால் நானே தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

மேனேஜர் உடனே கை கொடுத்தார்.

வீட்டில் இதை மனைவியிடம் சொன்னார். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள். ஒரு வில்லையைப் போட்டு, இன்னொரு வில்லையைப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று நாள்பூராவும் ஜனங்களைக் கேட்டுக்கொண்டிருப்பவள். ஜனங்கள் ‘ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு’ என்றுதான் பதில் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“ஏங்க, அவங்களுக்குக் காதே இல்லைன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றீங்க. இப்ப அந்தக் காதை நம்பியா பந்தயம் கட்டுனீங்க?”

“நல்லது தெரியாதுன்னுதான் சொன்னேன். வலிகூடவா தெரியாது? மாட்டுக்கே தெரியும்.”

வலிக்கு அவர் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். சுருதி சேர்ப்பதற்கு ஒரு மீட்டர் உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் முள் நடுவில் நின்றால் சரி என்று அர்த்தம். கீபோர்டு, பியானோ எல்லாம் அந்த முள்ளின்படி பிறந்தவை. சுளிப்பண்ணன் முள்ளை மதிக்காதவர். சில கம்பிகளை அந்த நடுவுக்கு மயிரிழை கீழே, தன் காதுக்கு இனிக்கிற இடத்தில் நிறுத்துவார். அப்படி நிறுத்தினால்தான் மூன்று கம்பிகள் சேரும்போது ஒரே தொண்டையாகக் கரையும் என்பது அவர் கட்சி. முள்ளின்படி வைத்தால் அவருக்குப் பல் கூசும்.

பதிவு நாளில், பிறந்ததிலிருந்து முதல்முறையாக, மீட்டரைக் கடன் வாங்கினார். ஒவ்வொரு கம்பியையும் முள் நட்டநடுவில் நிற்கும்வரை முறுக்கினார். ஒவ்வொரு சுரத்தையும் அப்படியே, முடிந்தவரை செத்த கையால், சுண்டிக்கொடுத்தார். கீபோர்டு தம்பி மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்துப் பதிந்துகொண்டு, “ரொம்ப நன்றி அண்ணே, இவ்வளவு பொறுமையா யாரும் பண்ணமாட்டாங்க” என்றான். சுளிப்பண்ணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். விஷத்தைப் பாட்டிலில் அடைத்துக்கொடுத்தால் நன்றி சொல்கிறான்.

அந்த மாலை அவரும் மனைவியும் கூடத்தின் நடுவில் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். அவர் கோட்டு போட்டிருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. முகங்களை ஒவ்வொன்றாக மேய்ந்துகொண்டிருந்தார்.

பியானோவோடும் பாடுகிற பெண்ணோடும் சேர்ந்து தம்பி ஆரம்பித்தான். முதல் சுரக்கூட்டு விழுந்ததுமே சுளிப்பண்ணனுடைய முதுகுத்தண்டு நிமிர்ந்தது. அவருக்கு வலித்தது. அருமையாக வலித்தது. இனி யார் தாங்குவார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். மூலையில் ஒரு தடியர் முகத்தைக் கோணினார். சுளிப்பண்ணன் மனைவியின் கையைத் தொட்டு அந்தப் பக்கம் காட்டினார். சூப் சூடு, தடியர் நாக்கை வெளியே நீட்டி விசிறிக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலோரம் ஒரு அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். வைத்தவள் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். அவள் கண் கலங்கியது. அவளுக்கு எதிரே இருந்த பையன்கூடப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“என்ன கேக்குதுங்க இதுங்க” என்றார் சுளிப்பண்ணன்.

மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே, தயங்கித் தயங்கிச் சொன்னாள். “கோவிச்சுக்காதீங்க. எப்பவும் நீங்க வாசிக்கும்போது பியானோவோட லேசா ஒரு உரசல் இருக்கும். செருப்புக்குள்ள மணல் மாதிரி. இன்னைக்கு அது இல்லை.”

சுளிப்பண்ணன் பியானோவைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. கூடத்தில் இருக்கிற பியானோ முள்ளின்படி. பாடுகிற பெண் அந்தப் பியானோவைப் பிடித்துக்கொண்டு பாடுகிறாள், அவளும் முள்ளின்படி. இத்தனை வருடங்களாக அந்தக் கூட்டத்தில் முள்ளின்படி இல்லாமல் இருந்தது ஒரே ஒரு ஆள், சுளிப்பண்ணன். அந்த ஆளையும் அவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்திவிட்டார்.

மேனேஜர் நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்து அவர் காதருகே குனிந்தார். முகம் நிறைய மகிழ்ச்சி. ஒருத்தரும் சுளிக்கவில்லை என்று சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. இதுவரை இல்லாத அளவுக்கு இன்றைக்கு நன்றாக இருக்கிறது, நீங்கள் எந்த மனத்தாங்கலும் இல்லாமல் பதிவு செய்து கொடுத்தீர்களே, அதுதான் பெரிய மனசு என்றார்.

“அது விஷம்யா” என்றார் சுளிப்பண்ணன். “கெடுத்துத்தான் குடுத்தேன்.”

மேனேஜர் சிரித்தார். கலைஞர்கள் இப்படித்தான் தன்னடக்கமாகப் பேசுவார்கள் என்று அவர் எங்கோ கேட்டிருக்கவேண்டும். “அப்படின்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம்ம ஹோட்டலுக்கும் கொஞ்சம் கெடுத்துக் குடுங்க சார்” என்றார்.

பாட்டு முடிந்தது. ஜன்னலோரத்து அம்மாள் எழுந்து நின்று, அந்த ஸ்டீல் கிட்டாரை வாசித்தது யார் என்று கேட்டாள். கீபோர்டு தம்பி தானே எழுந்து தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. சத்தத்துக்குச் சொந்தக்காரர் அதோ உட்கார்ந்திருக்கிறார் என்று கோட்டுப் போட்டவரைக் காட்டினான். கூடம் முழுக்கத் திரும்பிக் கைதட்டியது. அந்த நாற்காலியில் அத்தனை வருடங்கள் உட்கார்ந்து வாசித்தவருக்கு அங்கே கிடைத்த முதல் கைதட்டல். காதில்லாதவர்கள் தட்டியது. கெட்டுப்போன சரக்குக்குத் தட்டியது.

சுளிப்பண்ணன் எழுந்தார். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தார் என்று பிற்பாடு மனைவியிடம் சாதித்தார். ஆனால் எழுந்தவர் தலைகுனிந்து வணங்கினார். வலது பக்க மேசைகளுக்கு ஒரு வணக்கம், இடது பக்கத்துக்கு ஒன்று, ஜன்னலோரத்து அம்மாளுக்குத் தனியாக ஒன்று.

“போதும், உக்காருங்க” என்றாள் மனைவி, கோட்டு நுனியைப் பிடித்து இழுத்து.

அவருக்குப் பின்னால், மூலையில், பரிமாறுகிறவர்கள் இரண்டு பேர் அவருடைய நாற்காலியை அப்புறப்படுத்திவிட்டு நாலு பேர் மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் ஓயத் தொடங்கியது. சுளிப்பண்ணன் இன்னும் ஒருமுறை குனிந்தார்.