சட்டையை உதறிவிட்டுப் போ

சகாதேவனைக் கொன்றது பீடி என்று ராமதாஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அடப்பாவி! சகாதேவன் பீடியைத் தொட்டதே கிடையாது. பக்கத்துப் பட்டறையில் லேத்து ஓட்டிய எனக்குத் தெரியாதா?

கீழ்பென்னாத்தூர் சாலையில் ராமதாஸின் பட்டறை. போர்வெல் லாரிக்காரர்கள் மழுங்கின பிட்டுகளை அங்கேதான் கொண்டுவருவார்கள். பிட்டின் முகத்தில் பதித்த கார்பைடு குமிழ்கள்தான் கருங்கல்லைக் குடைகிறவை. பீங்கான் மாதிரி கடினமான பொடியை உலோகத்தோடு சேர்த்துச் சுட்ட சரக்கு அது. வைரச் சக்கரத்துக்குத்தான் மசியும். அதைத் தேய்த்துக் கொடுப்பது சகாதேவன் வேலை.

தேய்க்கும்போது சக்கரத்தின் மேல் தண்ணீர் ஓடவேண்டும். ஓடினால் தூள் சேறாகிக் கீழே படியும். தொண்ணூற்று நாலில் ஒரு காயலான் கடைக்காரன், தூள் காய்ந்து கிடைத்தால் ஜாஸ்தி விலைக்கு எடுப்பதாகச் சொன்னான். மறுநாளே ராமதாஸ் தண்ணீரை மூடிவிட்டான்.

பட்டறை முழுக்கச் சாம்பல் புகை. சாயங்காலம் விரித்த வேட்டியின்மேல் நின்று சட்டையை உதறிவிட்டுத்தான் சகாதேவன் வீட்டுக்குப் போகவேண்டும். ஒருநாள் மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா இது? பவுடர் பூரா துண்டுல ஒட்டிக்கிது. அவுத்துப் போடு," என்றான் ராமதாஸ்.

"மூச்சு முட்டுதுங்க மொதலாளி."

"வெல்லம் துன்னு. தூசியெல்லாம் வயித்துக்குப் போயிடும்."

வெல்லம் தூசியை இறக்கிவிடும் என்று எங்கள் பட்டறைகளில் எல்லாருமே நம்பினோம். சகாதேவனும் நம்பி, தினம் ஒரு கட்டி தின்றான். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்களே, அது ராமதாஸ்தான். பௌர்ணமி தவறாமல் அடி அண்ணாமலையில் அன்னதானம் போடுவான், மைக்கில் தன் பேரைச் சொல்லச் சொல்லி!

இருமல் பிடித்தது. காசநோய் மாத்திரைக்குக் கேட்கவில்லை. வேலூர் டாக்டர் ஒருவர் வேலை என்னவென்று விசாரித்து, நுரையீரலில் தூள் ஏறிக் கெட்டிப்பட்டுவிட்டது, இனி ஒரு மூச்சுகூட அதை இழுக்காதே என்று கண்டித்து அனுப்பினார். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. நேரே ராமதாஸிடம் வந்து நின்றான்.

"தண்ணிய மட்டும் தொறந்து வுடுங்க மொதலாளி. நான் பொழச்சிக்கிறேன்."

"ஒனக்கு ஒருத்தனுக்காவவா? முடியலன்னா நின்னுக்கோ. ஊர்ல ஆளா இல்ல?"

தண்ணீர் வரவில்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், இவனும் வேலையை விட்டு நிற்கவில்லை. அடுத்த மாசி மாதம் சக்கரத்தின் முன்னாலேயே சரிந்து விழுந்தான். நான்தான் ஆட்டோவில் போட்டு வீட்டில் சேர்த்தேன். விடிவதற்குள் போய்விட்டான்.

ராமதாஸ் பெரிய ரோஜா மாலையோடு வந்தான். போட்டான், கும்பிட்டான். பிறகு சகாதேவன் பெண்சாதி காசியம்மாளிடம் குனிந்து கேட்டான்.

"நேத்து சட்டைய உதறாமலே வந்துட்டானே. அது எங்கம்மா கீது?"

காசியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சட்டையில இன்னா கீது? ஏழு வருசத்துப் பவுடரும் அவரு நெஞ்சுல கீது. கிழிச்சி எடுத்துக்கினு போ!"

இதற்குமேல் ஒரு மனுஷன் அங்கே நிற்பானா? ராமதாஸும் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான். வாசல் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை, தூள் சிந்தாமல் மெதுவாக மடித்து, கையோடு எடுத்துக்கொண்டு போனான்.