காதக்கா விற்ற தட்டுகள்

முப்பத்து நான்கு வருடமாக ஒரு சொல் அவன் தொண்டையில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டிருந்தது. கவனக்குறைவு. இசைத்தட்டுத் தொழிற்சாலையிலிருந்து அவனை வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்த காகிதத்தில் அந்தச் சொல் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். செய்தித்தாளையே எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பான். அந்த ஒரு சொல்லை மட்டும் நூறு அடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவான். அதற்கப்புறம் அவன் தொழில் எத்தனையோ மாற்றினான். எங்கே போனாலும் அந்தச் சொல்லும் கூடவே வந்தது.

தொழிற்சாலையில் அவனை எல்லோரும் இடக்கை என்றுதான் கூப்பிட்டார்கள். சோறு தவிர மற்றதெல்லாம் அவனுக்கு இடது கையில்தான் வரும். நாலாம் நம்பர் அச்சு மெஷின் அவனுடையது. கொதிக்கும் கருப்பு உருண்டையை நடுவில் வைத்து, மேலே ஒரு லேபிள், கீழே ஒரு லேபிள் மாட்டி, நெம்புகோலை இழுத்தால் முப்பது வினாடியில் தட்டு வெளியே வரும். லேபிள்கள் மெஷினுக்கு இரண்டு பக்கமும் ட்ரேயில் அடுக்கியிருக்கும். முதல் பக்கத்து லேபிள் வலது ட்ரேயில், இரண்டாம் பக்கத்து லேபிள் இடது ட்ரேயில் என்பது கம்பெனி முறை. இவனுக்கு அது சரிப்படவில்லை. ட்ரே இரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டான். லேபிளில் எழுத்து இருக்கிற பக்கம் மெஷினின் அச்சைப் பார்த்துப் போகும்; கையில் எடுக்கும்போது தெரிவது வெள்ளை முதுகுதான். ஆகவே கை எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் கணக்கு. கண்ணுக்கு அங்கே வேலையே கிடையாது.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து எழுநூறு தட்டு அடித்தான். எழுநூறிலும் லேபிள் மாறியிருந்தது. வயலின் வாசிக்கும் பக்கத்தில் புல்லாங்குழல் என்று போட்டிருந்தது, புல்லாங்குழல் பக்கத்தில் வயலின் என்று. அடுத்த நாள் காலையில்தான் மூட்டை கட்டுகிறவன் கண்டுபிடித்தான். எழுநூறையும் உடைத்து அரவைக்கு அனுப்பச் சொன்னார்கள். சாயங்காலம் காகிதம் கையில் வந்துவிட்டது.

ட்ரே மாறியிருந்தது என்று அவன் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தான். "மாத்தி வச்சவனே நீதானேடா" என்றார் மேலாளர்.

காதக்கா அப்போது அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் லேபிள் காயவைத்து மெஷினுக்கு மெஷின் கொண்டுவந்து வைப்பது அவள் வேலை. அது போக, நூறு தட்டுக்கு ஒன்று எடுத்துக் கண்ணாடி அறையில் போட்டுக் கேட்பாள். ஒரு பொட்டுக் கீறல் இருந்தாலும் சொல்லிவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். அந்த எழுநூறிலும் ஏழு தட்டு கேட்டு, சரி என்று முத்திரை குத்தியவள் அவள்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவள் வழக்கம். அன்று அவள் வாயையும் மூடிக்கொண்டு நின்றாள். வேலை போனவன் இவன் ஒருவன்தான்.

இப்போது அவனுக்கு ஐம்பத்து நாலு வயது. பார்சல் வேன் ஓட்டுகிறான். ஒரு காலையில் மூன்றாம் மாடியில் ஒரு பார்சல் எடுக்கவேண்டும் என்று அழைப்பு வந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிக்கட்டைக் கட்டினவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு ஏறினான்.

கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்தக் குரலை நான் கேட்டிருக்கேனே. இடக்கையா நீ?"

கதவு திறந்தது. தலை முழுக்க வெள்ளை, மூக்கில் தடித்த கண்ணாடி. ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்கும் காதக்காவின் அந்த நிற்பு மாறவே இல்லை.

"நல்லா இருக்கியா தம்பி?"

"இருக்கேன். பார்சலக் குடுங்க."

மேசைமேல் சதுரமான தட்டைப் பெட்டி. பக்கத்தில் இன்னும் மூடாத இன்னொரு பெட்டி, அதற்குள் ஒரு இசைத்தட்டு. நீல லேபிள். அந்த நீலம் அவனுக்குத் தெரியும். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ராத்திரி அந்த நீல லேபிளைப் பற்றி வீட்டில் சொன்னான். மனைவிதான் போனை எடுத்துத் தேடினாள். பழைய சாமான் விற்கிற இணையச் சந்தையில் அந்த நீல லேபிளின் படம் பளிச்சென்று நின்றது.

"ஏங்க, இந்த விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிரலாம். ஒரு தட்டுக்கா இவ்வளவு?"

"பகல் கொள்ளை. கீழ என்ன எழுதியிருக்கு?"

"'மிக மிக அபூர்வம். லேபிள் மாறிய பதிப்பு. ஒரு தொழிலாளியின்...'" அவள் நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட? படி."

"வேணாங்க."

போனைப் பிடுங்கிப் பார்த்தான். கூட்டிப் படிக்கத் தேவையே இல்லை. அந்தச் சொல் அங்கே உட்கார்ந்திருந்தது.

"நீங்க பண்ணின தப்பு ஸ்கூட்டர் விலைக்குப் போகுது. நீங்க ஒழுங்காப் பண்ணின வேலைக்கு ஒரு சைக்கிள்கூடத் தேறல" என்றாள் மனைவி. அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். நடக்கவில்லை.

அடுத்த வாரம் அதே வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. இந்தத் தடவை படிக்கட்டைத் திட்டவில்லை. அதற்கு வேறு ஆள் இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அரவைக்குப் போன ரெக்கார்டு உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"நாப்பது எடுத்து வச்சுக்கிட்டேன். பாட்டுல ஒரு குறையும் இல்லையே. அரைக்க மனசு வரல. பரண்ல கெடந்துச்சு. போன வருஷம்தான் இதுக்குப் பைத்தியம் பிடிச்சு அலையறவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுது."

"சரி. வித்துக்குங்க. கவனக்குறைவுன்னு ஏன் எழுதினீங்க?"

"கம்பெனி அப்படித்தானே சொல்லிச்சு."

"கம்பெனி சொல்லிச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

பெட்டியை ஒட்ட டேப்பைப் பாதி இழுத்த அக்காவின் கை அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ட்ரேய மாத்தினது நான்தான்டா."

அவன் மேசையை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"அன்னிக்கு முதலாளி சுத்திப் பாக்க வர்றார்னு சொன்னாங்க. நீ சாப்பிடப் போயிருந்த. உன் ட்ரே மாறியிருக்கறதப் பாத்தா உன்னக் கடிச்சுக் குதறிருவாரு. அதான் முறைப்படி மாத்தி வச்சேன். நீ வந்ததும் சொல்லணும்னு நின்னேன். அதுக்குள்ள அடுப்பு மணி அடிச்சிருச்சு. லேபிள் கருகிடும்னு ஓடினேன். மறந்தே போச்சு."

"மறுநாள் கூப்பிட்டு விசாரிச்சாங்களே. அப்ப?"

"அப்ப மறக்கல."

தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்து செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பயந்துட்டேன். வீட்ல மூணு புள்ளைங்க. அவரு படுத்த படுக்கை. நீ ஒத்தக்கட்டை, எங்கயாவது பொழச்சுக்குவேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"நல்லா சொல்லிக்கிட்டீங்க."

"ஆமா. இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பார்சலைத் தொடாமல் விறுவிறுவென்று இறங்கிவிட்டான். இரண்டாம் மாடி வரைக்கும்தான். எடுக்காமல் போனால் ஆபீஸில் மறுபடியும் ஒரு காகிதம் கொடுப்பார்கள்; அதில் எந்தச் சொல் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினான். அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பார்சலுக்குத்தான் வந்தேன்" என்றான்.

"தெரியும்."

"மொதல்ல அந்தச் சொல்ல எடுங்க."

"எடுத்துட்டு என்னத்தப் போடறது?"

"நெஜத்தப் போடுங்க."

"நெஜம் நீளம்டா. அந்தக் கட்டத்துல நூத்தைம்பது எழுத்துதான் எடுக்கும்."

அவன் வாழ்க்கையில் எழுத்தை எண்ணி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அக்கா போனில் தட்டினாள், அவன் கூட்டிப் படித்தான். முதலாளி வந்த கதையைச் சேர்த்தால் அடுப்பு மணிக்கு இடமில்லை. மணியைச் சேர்த்தால் முதலாளி வெளியே போனார். "அந்த ஆளு போகட்டும், அவன எவன் கேட்டான்?" என்றான். மூன்று புள்ளைகளையும் படுக்கையில் கிடந்த புருஷனையும் அக்காவே எடுத்துவிட்டாள். "அது சாக்கு. எடத்த அடைக்குது" என்றாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

'இடது கைக்காரரின் மெஷினில் அடித்தது. அவருடைய ட்ரேயை மாற்றி வைத்தவள் நான். கேட்டபோது சொல்லவில்லை. ஒலியில் குறை இல்லை.'

அவன் இரண்டு தடவை படித்தான். முள் வெளியே வந்த மாதிரியும் இருந்தது, இத்தனை வருடம் அது இருந்த இடம் காலியாகி வலிக்கிற மாதிரியும் இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று திடீரென்று தெரியாமல் போய்விட்டது. உண்மையை மறைத்தவள்மேல் கோபப்படலாம். அன்றைக்கு அவனைக் காப்பாற்றப் பார்த்தவளும் அவளேதான்.

"மன்னிச்சுட்டேன்னு எல்லாம் எதிர்பாக்காதீங்க" என்றான்.

"உன்ன யாரு கேட்டா? டீ குடிச்சுட்டுப் போ."

நான்கு நாள் கழித்து மனைவி போனைக் காட்டினாள். எழுத்து மாறியிருந்தது. விலையும் ஏறியிருந்தது. நேரே மாடிக்குப் போனான்.

"என்னக்கா இது அநியாயம்? முன்னாடி ஸ்கூட்டரு. இப்ப ரெண்டு ஸ்கூட்டரா?"

"நெஜம் சேத்திருக்கேன்ல. சும்மாவா?"

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்தான். வாங்குவதற்கு ஆள் வந்தது. எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஒரு கண் டாக்டர். அந்த இடது கைக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு எழுதியிருந்தார். "படி ஏறும்போது பாதி உயிர்தான் இருக்குன்னு எழுதுங்க" என்றான் இவன்.

அதற்கப்புறம் பார்சல் இல்லாத நாளிலும் அந்தப் பக்கம் போனால் ஏறிவிடுவான். ஒருநாள் அக்கா கேட்டாள், "ஆயிரக்கணக்குல அடிச்சியே, ஒண்ணாவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. நீராவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. அவன் கைக்குத் தெரிந்ததெல்லாம் தட்டின் சூடும் எடையும் ஓரத்தில் நறுக்கவேண்டிய பிசிறும்தான். அக்கா ஒரு தட்டை எடுத்து வைத்து முள்ளை இறக்கினாள். லேபிளில் வயலின் என்று போட்டிருந்தது. புல்லாங்குழல் வந்தது. அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். அவனும் மூடிப் பார்த்தான். மூடினால் லேபிள் தெரியாது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவள் குத்திய அந்த ஏழு முத்திரைக்கான கோபத்தை அன்றோடு விட்டுவிட்டான். விசாரணையில் அவள் வாயை மூடி நின்றதை விடவில்லை. அதை அவளும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் இருபத்தொன்பது தட்டு போயிற்று. ஒவ்வொன்றையும் அவன்தான் வேனில் எடுத்துப்போனான். மற்றப் பெட்டிகளுக்கு அடியில் போகாதபடி தன் பக்கத்து சீட்டில் நிறுத்திவைத்து, பெல்ட்டும் போட்டு. ஒவ்வொரு தடவையும் விலையைப் பற்றிச் சண்டை. பத்துப் பேர் கேட்கட்டும், கொஞ்சம் இறக்குங்கள் என்பான். அக்கா அசையமாட்டாள்.

பிறகு அக்காவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் மதியம் அவளுடைய மகள் போன் செய்து, அம்மா உங்களைக் கேட்கிறார்கள் என்றாள். சீருடையோடு போய் நின்றான்.

"மூச்ச வச்சே கண்டுபிடிச்சேன், நீதான்னு" என்றாள். குரல் காற்றாகிவிட்டது. "இங்க லிஃப்ட் ஓடுதே, எதுக்கு இளைக்கற?"

"லிஃப்டுக்கு நிக்கப் பொறுமை இல்ல. பேசாதீங்க."

"பேசறதுக்குத்தான் கூப்பிட்டேன். இன்னும் பதினொண்ணு இருக்கு. மக ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டு உடைச்சிருவா. நீயே வித்துக் குடு. போன்ல எப்படிப் போடறதுன்னு உன் வீட்டுக்காரிக்குத் தெரியும்."

"சரிக்கா."

"எழுத்த மாத்தாத. அப்படியே இருக்கட்டும்."

"சரி. வெலைய மட்டும் நான் நியாயமா..."

அவள் கையைத் தூக்கினாள். ஊசி குத்திய கை, பாதிதான் எழும்பியது. அவன் குனிந்தான்.

"வெலைய மட்டும் கொறச்சிராதடா" என்றாள் காதக்கா. "கொறச்சா அது மறுபடியும் வெறும் தப்பாயிரும்."