எதிர்வீட்டுக்கு வந்த சாம்பல் நிறப் பெட்டி

எதிர்வீட்டுத் தம்பி பனியன் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கம்பெனிகள் கழித்துப் போடும் எலக்ட்ரானிக் சாமான்களைப் பழுது பார்த்து விற்கும் கடையொன்று சொந்தமாகப் போட வேண்டும் என்று ஒரு வாரம் லீவு எடுத்தார். முதல் சரக்காக, பல்லடம் ரோட்டுப் பழைய இரும்புக் கடையிலிருந்து சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். அது என்னவென்று அவருக்கே தெரியவில்லை.

அவர் மனைவியின் குரல் எங்கள் வாசல் வரை கேட்டது. “என்னன்னே தெரியாத சாமானை வச்சுக்கிட்டா கடை போடப் போறீக? ஞாயித்துக்கெழமைக்குள்ள இது என்னன்னு சொல்லுங்க. இல்லேன்னா திங்கக்கெழமை பேசாம வேலைக்குப் போங்க.”

பெட்டியின் மேல்புறம் வழவழப்பான வெள்ளைப் பலகை. முன்னால் திருப்புவதற்கு ஒரு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு. பெயர் இருந்த இடத்தைச் சுரண்டியிருந்தார்கள். பிரௌசிங் சென்டரில் தேடலாம் என்றால், எந்தப் பெயரைப் போட்டுத் தேடுவது?

இருவரும் சேர்ந்து சோதித்தோம். நான் டைரியில் குறித்துக்கொண்டேன். தராசா? அரிசிப் பையை வைத்தோம், அசைவில்லை. துணியைச் சூடாக்குவதா? மதியம் வரை தொட்டுப் பார்த்தோம், சூடாகவில்லை. தம்பி ரொம்பக் கவனமானவர். பிளக்கைப் பிடுங்காமல் ஸ்க்ரூடிரைவரைத் தொடமாட்டார். திரும்ப மாட்டுவதற்கு முன் எல்லாக் கருவிகளையும் தூர வைத்துவிடுவார், வாட்சைக்கூடக் கழற்றிவிடுவார். நான்கு நாள் வீணானதற்கு அந்த ஒழுங்குதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை, பிளக் மாட்டியிருந்தபோது, அவர் மனைவி பலகையைத் துடைக்கக் குனிந்தாள். பெட்டி வீலென்று கத்தியது. நிமிர்ந்தாள், நின்றது. மறுபடி குனிந்தாள், கத்தியது.

“என்னையக் கண்டாத்தான் கத்துது. கொரலும் ஒங்க ஆத்தா கொரல் மாதிரியேல்ல இருக்கு!” என்றாள் புருஷனிடம்.

என் மனைவி முந்திக்கொண்டாள். “தங்கத்தக் கண்டாக் கத்துதுங்க. ஏர்போர்ட்டுல வெச்சிருப்பாங்கல்ல!” தன் வளையலைக் கழற்றிப் பலகை மேல் ஆட்டினாள். சத்தமே இல்லை.

“ஏக்கா, இது எங்க வாங்குன வளையலு?” என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வளையல் நான் வாங்கித் தந்தது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை டைரியில் எழுதவில்லை.

அந்தப் பெண் போட்டிருந்ததை ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்க்கச் சொன்னேன். கம்மலுக்குச் சத்தமில்லை. மூக்குத்திக்கும் இல்லை. தாலிச் சங்கிலியைக் காட்டியதும் கத்தியது.

“அம்மிணி, அதுல மாட்டியிருக்கற ஊக்கையெல்லாம் எடுத்துட்டு ஒருதரம் காட்டுங்க” என்றேன்.

ஐந்து ஊக்குகளைக் கழற்றினாள். சங்கிலிக்குச் சத்தமில்லை. ஒற்றை ஊக்கைப் பலகை மேல் இழுத்ததும் விளக்கு எரிந்தது, பெட்டி கத்தியது.

தம்பி எழுந்து நின்றுவிட்டார். “ஊசி அண்ணாச்சி! தைக்கும்போது ஒடிஞ்ச ஊசி துணிக்குள்ள கெடக்கான்னு பாக்குற மெஷினு. இரும்புக்குத்தான் கத்தும், தங்கத்துக்குக் கத்தாது. எங்க கம்பெனில பெல்ட்டு வச்சுப் பெருசா நிக்கும். இத்துனூண்டுலயும் இருக்கும்னு தோணலியே!”

“அப்பம் புள்ளைக சட்டையில ஊசி கெடந்தாலும் சொல்லிருமா?”

“புள்ளைக சட்டைக்குத்தான் முக்கியமாப் பாப்பாக.”

அவர் மனைவி கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் கைக்குழந்தையின் சட்டைகளை எடுத்து வந்து, ஒவ்வொன்றாகப் பலகை மேல் நிதானமாக இழுத்துப் பார்த்தாள். எதற்கும் சத்தம் வரவில்லை. மடித்துக்கொண்டே சொன்னாள்:

“நாளைக்குக் கம்பெனிக்கு நான் போறேன். நீங்க இனிமே வரமாட்டீகன்னு சொல்லிட்டு வந்திர்றேன்.”