வளைவில் திறந்த வாய்

பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போன அன்று நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்தேன். எந்த மில்லில் வேலை என்று கேட்டார்கள். அம்மாதான் பதில் சொன்னாள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமான்னே அவியளுக்குச் சந்தேகமா இருக்காம்" என்றார்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவளுடைய தம்பி ராஜபாளையம் வந்தான். காலேஜ் படிக்கிறவன். நான் அஞ்சாவதோடு நின்றவன். என்னைப் பேசவைத்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தது. பஜாரில் செத்த நேரம் நடந்தோம். "அண்ணே, அண்ணே" என்று அவன் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன். வேறு வழி தெரியாமல், ஷிப்ட் முடிந்து வழக்கமாகப் போகிற வீடியோ கேம் கடைக்குக் கூட்டிப்போனேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இருவர் ஆடினால் டிவி திரை இரண்டாகப் பிரியும். மலைப்பாதையில் கார் ஓட்டும் ஆட்டம். நேர் ரோட்டில் யாரும் ஓட்டிவிடலாம், வளைவில்தான் ருசி. உள்ளே திருப்பி, பிரேக்கைத் தொட்டு, உடனே எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே போகும். போய்விட்டது என்று நினைக்கும்போது நிமிர்ந்து நேராகும். கைவிட்டுப் போனது திரும்பக் கைக்குள் வரும் அந்த நொடிக்காகத்தான் நான் தினமும் போனேன்.

அவன் முதல் வளைவில் பாறையில் மோதினான். இரண்டாவதிலும் மோதினான். மூன்றாவதில் எனக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்கு அம்புட்டு அமுக்குதே? பிரேக்க விடு! எதிர்ல ஒடி, ஒடி மாப்ள!"

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். இன்னும் நிச்சயத் தட்டுகூட மாற்றவில்லை, அதற்குள் மாப்ள என்று கூப்பிட்டுவிட்டேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. என் கார் பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

அவன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்காமல் சிரித்தான். "இன்னொரு ஆட்டம் போடுவோம் மச்சான். எப்ப ஒடிக்கணும்னு சொல்லுங்க."

சொன்னேன். கடை அடைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. அன்று அவன் வீட்டில் போய் என்ன சொன்னான் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் சொன்னாள்.

"நல்லாப் பேசுதாரு, அக்கா. என்ன, வளைவு வரணும்."